குறும்படம் யாருடைய விசிட்டிங் கார்டும் அல்ல

“குறும்படம்ங்கிறது ஒரு விசிட்டிங் கார்டு, தம்பிகளா. அதை வச்சுத்தான் கோடம்பாக்கத்துல கதவைத் தட்டணும்.” நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நடக்கும் குறும்படப் போட்டிகளுக்குப் பரிசு கொடுக்க வரும் சினிமாக்காரர்கள் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஆள் மாறுகிறார், பேச்சு மாறுவதில்லை. இனயம், குறும்பனை, முள்ளூர்துறை என்று கடற்கரை ஊர்களிலிருந்து இரவல் கேமராவில் படமெடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிச்சம்.

அந்தப் பேச்சில் வழக்கமாக வேறு சில சரக்குகளும் இருக்கும். பத்து நிமிடத்தில் ஆழம் வராது. சமூகப் படம் என்றால் கடைசியில் மெசேஜ் வேண்டும். மீனவன் கதையை மீனவனைத் தவிர யார் பார்ப்பார்? செல்போன் வைத்திருப்பவனெல்லாம் இன்றைக்கு இயக்குநர். இவற்றோடு ஒரு வசையும் வரும்: “மராத்திக்காரன் எடுக்கிறான் பாருங்க சமூகக் குறும்படம், நம்ம ஆளுங்களுக்கு அது வராது.”

‘ஆழம் வராது’ என்பதற்கு ஒரு வரிப் பதில் போதும். மௌனி எழுதியது இருபத்துச் சொச்சம் சிறுகதைகள். நாவல் ஒன்றுகூட இல்லை. அவரிடம் போய் ஆழம் பற்றி யாரும் பாடம் எடுத்ததில்லை.

மராத்தியை அவர்களே இழுத்துவிட்டதால் அங்கேயே போகிறேன். இயக்குநர் நாக்ராஜ் மஞ்சுளேயின் ‘பிஸ்துல்யா’ என்ற குறும்படம் 2009இல் வந்தது. திருட்டுப் பட்டம் சுமத்தி ஒதுக்கிவைக்கப்பட்ட நாடோடிச் சமூகத்தில் பிறந்த ஒரு பையன் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். கதை அவ்வளவுதான். தேசிய விருது கிடைத்தது. 2013இல் ‘ஃபன்றி’, 2016இல் ‘சாய்ராட்’. மராத்தி சினிமா அதுவரை கண்டிராத வசூல். மேடையில் இந்த வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். குறும்படத்தில் தொடங்கியவன் கோடிகளில் போய் நின்றான், நீங்களும் அப்படிப் போக வேண்டும் என்பார்கள். அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

அதற்கு அடுத்து மஞ்சுளே என்ன செய்தார் என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? ‘சாய்ராட்’டுக்குப் பிறகு இந்தியாவில் எந்தத் தயாரிப்பாளரும் அவருக்குக் கதவைத் திறந்திருப்பார். தட்டவே வேண்டியிருந்திருக்காது. அந்த நேரத்தில் அவர் எடுத்த அடுத்த படம் ‘பாவசாச்சா நிபந்த’. அரைமணி நேரம்கூட ஓடாத குறும்படம். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்கிறது பள்ளிக்கூடம். பையன் வீட்டுக் கூரையோ ஒழுகுகிறது. மழை விட்டபாடில்லை. குடித்துவிட்டு வழியில் விழுந்துகிடக்கும் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு நடுவில் அந்தப் பையன் மழையைப் பற்றி என்ன எழுதுவான்? 2018இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில், கதைப்படம் அல்லாத பிரிவின் சிறந்த இயக்கத்துக்கான விருதை மஞ்சுளே இந்தப் படத்துக்காக வாங்கினார். வாசல் திறந்து உள்ளே போய், நடுக்கூடத்தில் நாற்காலியும் கிடைத்துவிட்ட ஒருவருக்கு விசிட்டிங் கார்டு எதற்கு? யாரிடம் நீட்ட?

அந்தக் கதை இரண்டரை மணி நேரத்துக்கு இழுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அப்பா திருந்த ஒரு காட்சி வேண்டியிருந்திருக்கும். வாத்தியார் கண்கலங்க இன்னொன்று. பையன் கலெக்டராகி ஊருக்குத் திரும்ப மூன்றாவது. கதை கேட்ட நீளத்தில்தான் மஞ்சுளே எடுத்தார். சின்ன நீளம் அவருக்கு வசதிக்குறைவால் வந்ததல்ல.

இனயத்தில் படித்த எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை உண்டு: ‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’. நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதுவோம். சுண்டல் விற்கும் சிறுவன் வருவான், பட்டம் பறக்கும், காற்று வாங்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். ஆனி ஆடியில் கடல் ஏறி வீட்டுச் சுவரில் அடிக்கிற ஊரில், கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டுத்தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்த பெரியவர்களின் பிள்ளைகள், மெரினாவை எழுதி மார்க் வாங்கினோம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக்கூடம் திறந்து பீஸும் நோட்டுப் புத்தகச் செலவும் வருகிற மாதமும் அதே ஜூன். இவ்வளவும் ஒரு பையனின் ஒருநாளுக்குள் அடங்கும். இருபது நிமிடப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கோ சகியாத்திரி மலையோரத்து மழையில் நடக்கும் மராத்திக் கதை இனயத்துக்காரனைப் பிடித்து உலுக்குகிறதென்றால் காரணம் இதுதான். எங்கள் கரையில் இதை எடுக்கக்கூடிய பிள்ளையிடம், இது வெறும் பயிற்சி, முடித்துவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏறு என்று சொல்வது அந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் கதையைப் பிடுங்கி எறிகிற வேலை.

மஞ்சுளே ஒருவர்தானே, விதிவிலக்கு என்பார்கள். ‘பதேர் பாஞ்சாலி’ வந்து ஒன்பது வருடம் கழித்து, உலகமே தெரிந்துவைத்திருந்த சத்யஜித் ராய் 1964இல் ‘டூ’ என்ற வசனமே இல்லாத குறும்படத்தை எடுத்தார். 1980இல் ‘பிக்கூ’. மராத்தியில் உமேஷ் குல்கர்னி, வீட்டுக்குள் வந்து சேர்ந்த மாவரைக்கும் எந்திரத்தோடு வாழ வேண்டிய ஒரு சிறுவனை வைத்து ‘கிர்ணி’ எடுத்துத் தேசிய விருது வாங்கினார். முழுநீளப் படங்கள் எடுத்த பிறகும் குறும்படத்துக்குத் திரும்பி வந்தார். விதிவிலக்கு இன்னும் எத்தனை வேண்டும்?

“நம்ம ஆளுங்களுக்கு வராது” என்ற வசைதான் எனக்கு மிகவும் வலிப்பது. சொல்கிறவர் பேசிய மேடையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மணவாளக்குறிச்சி. எங்களுக்குக் கிழக்கே குளச்சல், மண்டைக்காடு தாண்டி அடுத்த ஊர். அங்கே கடற்கரை மணலிலிருந்து மோனசைட்டும் இல்மனைட்டும் பிரிக்கும் ஆலை இருக்கிறது. அந்த மணலோடும் கதிரியக்கத்தோடும் வாழும் மக்களைப் பற்றி மதுரைக்காரர் ஆர்.பி. அமுதன் 2010இல் படமெடுத்தார். ‘கதிர்வீச்சுக் கதைகள்’ வரிசையில் முதல் படம் அது. அடுத்தடுத்து கல்பாக்கம், கூடங்குளம். அதற்கு முன்பே, 2003இல், மதுரையில் மலம் அள்ளித் தெருவைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் வேலையை ‘பீ’ என்ற படத்தில் கண்ணை மூட விடாமல் காட்டினார். 1998இலிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார். கால் நூற்றாண்டுக்கு மேலாக இதையே செய்கிறவர் யாருக்குக் கார்டு நீட்டிக்கொண்டிருந்தார்? ஆவணப்படம் வேறு, குறும்படம் வேறு என்று இலக்கணம் பேச வருகிறவர்களுக்கு ஒன்று: தேசிய விருதுக்குழு இரண்டையும் ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது.

திவ்யபாரதியைப் பாருங்கள். மலக்குழிக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் ‘கக்கூஸ்’ எடுத்தார். அரங்குகளில் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதே வருடம் ஒக்கி புயல் வந்தது. எங்கள் கடற்கரைக்கு வந்து, செத்தவர்கள், தொலைந்தவர்கள் வீடுகளில் உட்கார்ந்து படம் எடுத்தார். பெயர் ‘ஒருத்தரும் வரேல’. விசிட்டிங் கார்டு என்றால் அதை வாங்கிப் பார்த்துவிட்டு யாராவது அழைக்க வேண்டும். திவ்யபாரதியைத் தேடி வந்தவை வழக்குகளும் மிரட்டல்களும். படம் எங்கே போய்த் தைத்ததோ அங்கிருந்துதான் பதில் வந்தது.

கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியை உதாரணம் காட்டுவார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் அதில் வந்தவர்கள். 2012இல் ‘பீட்சா’, 2013இல் ‘சூது கவ்வும்’. நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடை ஏறியவர்களில் பெயர் சொல்லக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்கள் என்ன ஆனார்கள்? கதவு திறக்கவில்லையென்றால் அவர்கள் எடுத்த படங்கள் செல்லாதவையா? அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துப் போட்டிகளுக்கு வரும் படங்களைப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம், ஒரு கொலை, ஒரு பேய். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடேறிப் படகு கவிழ்ந்து ஆள் சாவது வருடம் தவறாமல் பத்திரிகையில் வருகிறது. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை சென்னை அபார்ட்மென்ட்டில் நடக்கும் பேய்க்கதை எடுத்துவருகிறது. கார்டில் எந்த எழுத்து இருந்தால் தயாரிப்பாளருக்குப் பிடிக்கும் என்று கற்றுக்கொடுத்ததன் விளைவு இது.

சமூகக் கதை எடுக்கத் துணிகிற பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை. ‘மெசேஜ் எங்கே?’ என்று கேட்டுக் கெடுக்கிறார்கள். அதனால்தான் படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பொன்மொழி வந்து நிற்கிறது. ஒக்கியையே எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் நூற்றுக்கணக்கான கடல்மைலுக்கு அப்பால் இருந்தார்கள். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தேடப்போனதிலும் மீனவர்களே முன்னால் நின்றார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவனைச் செத்தவன் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருடம் ஆகும். ஒக்கியில் அதைத் தளர்த்தச் சொல்லிப் போராடித்தான் நிவாரணம் வந்தது. இப்போது ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இருபது லட்ச ரூபாய்க்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புருஷன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகும். போடாவிட்டால் பிள்ளைகளுக்கு வழியில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். இதற்குமேல் கறுப்புத் திரையில் எந்த மெசேஜை எழுதப் போகிறீர்கள்?

முழுநீளப் படங்கள் எங்கள் கடற்கரைக்கு வராமல் இல்லை. முட்டத்தில் பாரதிராஜா 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் 1986இல் ‘கடலோரக் கவிதைக’ளும் எடுத்தார். நாடே பார்த்தது. காதலுக்குப் பின்னால் கடல் அழகாக நின்றது. கடலுக்குப் போகிறவர்களின் கடன், ஏலம், வலை, வட்டி எதுவும் அந்தக் கதைகளுக்குத் தேவைப்படவில்லை. அதே முட்டத்தைத்தான் எங்கள் பிள்ளைகள் இன்னும் உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பதில் தூரத்தில் இல்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம். கேரள சலச்சித்திர அக்காதமி 2008இலிருந்து அங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

செல்போன்காரர்களைப் பற்றிய ஏளனத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அந்த நாட்களின் காட்சி இன்றைக்கு எங்கே இருக்கிறது? பெரிய கேமராக்கள் வந்த அன்றைக்கு எடுத்ததைத் தவிர மீதியெல்லாம் ஊர்ப் பையன்களின் செல்போனில்தான். பாதி, போன் மாற்றியபோது அழிந்திருக்கும். அவர்களை இயக்குநர் என்று அழைக்க யாருக்கும் மனமில்லை, பரவாயில்லை. எடுத்ததைத் தொகுத்துக்கொடுக்க ஓர் ஆளாவது வந்தாரா?

அடுத்த சோதனையும் வந்துவிட்டது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம் உள்ளிட்ட ஊர்களில் 1144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்து நிற்கிறது. 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. கீழ்மிடாலம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே இப்போதே படமெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போட்டி நடத்தும் கல்லூரிகளும் மன்றங்களும் தயவுசெய்து இந்த வருடம் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ‘பிரபல தயாரிப்பாளரைச் சந்திக்கும் வாய்ப்பு’ என்று முதல் பரிசை அச்சடிக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் அடுத்த குறும்படத்துக்கு ஆகும் செலவைக் கையில் கொடுங்கள். பரிசு பெற்ற படத்தை, அது எந்த ஊரில் எடுக்கப்பட்டதோ அந்த ஊர்க் கோயில் முற்றத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டுங்கள். சிறப்பு விருந்தினரை அன்றைக்கும் அழைக்கலாம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களோடு அந்தப் படத்தைப் பார்க்கட்டும்.