கை காலைப் பார்க்கிறோம், மூச்சை யார் பார்ப்பது?



ஜோகூர்ப் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்குச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை இன்னொரு வீட்டு வாசல் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். ஓரமாகச் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். ஆயுசு முழுக்கப் பால் வெட்டிய கை. வாதம் அடித்து ஆறு மாதமாம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. மடியில் ஒரு பலூன் பாக்கெட்டு. "பலூன் ஊதினா வாதம் இறங்கிடும்" என்று யாரோ சொன்னார்களாம். கழுத்து நரம்பு புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். "இது நல்லதா தம்பி?" என்று கேட்டார் அவருடைய சம்சாரம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சி அவசியம். ஆனால் அது வாதத்தை இறக்காது. மூளையில் செத்த பகுதியை எந்த மூச்சும் எழுப்பாது. கை காலுக்குத் தனிப் பயிற்சி உண்டு. அது நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிறகு மூச்சு எதற்கு? வாதம் கையையும் காலையும் மட்டுமா பிடிக்கிறது? அந்தப் பக்கத்து நெஞ்சுத் தசையும், விலாவுக்குக் கீழே குடை மாதிரி விரிந்திருக்கிற உதரவிதானமும் சேர்ந்தே தளர்கின்றன. மூச்சு மேலோட்டமாகிறது. இருமலில் பலமில்லை. சளி உள்ளேயே தங்குகிறது. விழுங்கும் சக்தியும் குறைந்திருந்தால், நாம் பாசத்தோடு ஊட்டுகிற கஞ்சியே மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாகிவிடும். வாதத்தில் தப்பியவர்களில் எத்தனையோ பேரை இதுதான் கொண்டுபோகிறது. படுக்க வைத்து ஊட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பரிசோதனை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.

பயிற்சி பெரிய வித்தை இல்லை. முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து நிமிர்ந்து உட்கார வையுங்கள். விழுந்த கையைத் தலையணைமேல் வைத்து, நல்ல கையை வயிற்றில் வைக்கச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். விடும்போது சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். நாலைந்து தடவை போதும். ஓய்வு கொடுத்துப் பிறகு செய்யலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். தளர்ந்த பக்கத்து விலாவில் உங்கள் கையை லேசாக வைத்தால், அந்தப் பக்கமும் விரிகிறதா என்பது தெரியும்.

மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் கருவியைச் சில ஆஸ்பத்திரிகளில் கொடுப்பார்கள். அதை ஊதுகிறவர்கள்தான் அதிகம்! அது ஊதுவதற்கல்ல, இழுப்பதற்கு. இழுத்தால்தான் உருண்டை ஏறும்.

மூச்சை அடக்குவது மட்டும் கூடவே கூடாது. தம் பிடித்து முக்கினால் ரத்தக் கொதிப்பு சட்டென்று ஏறும். பலூனை நான் வேண்டாம் என்றது அதனால்தான். யோகாசனம் படித்த அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கபாலபாதி, கும்பகம் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் வாத நோயாளிக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். கை காலைத் தூக்கிப் பழகும்போதும் மனிதன் தன்னையறியாமல் தம் பிடிப்பான். அதற்கு ஒரு சுலபமான வழி: "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிற வாய் மூச்சை அடக்காது. பேச்சு குழறியவருக்கு அதுவே நாக்குக்கும் பழக்கமாகும்.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், மோல்மீன் சாலையில் டான் டோக் செங் மருத்துவமனை இருக்கிறது. 1844-ல் ஏழைகளுக்கென்று ஆரம்பித்தது. பிற்காலத்தில் காசநோய்க்குப் பேர்போனது. மறுவாழ்வு மருத்துவத்துக்கு அங்கே 1973-லேயே தனிப்பிரிவு வைத்துவிட்டார்கள். வாதம் அடித்தவனை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால் வேலை முடியவில்லை என்பது அப்போதே புரிந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? அந்த அம்மா சொன்னதைக் கேளுங்கள்: "ஆஸ்பத்திரியில மகன்கிட்டதான் காட்டினாங்க தம்பி. அவன் விடியக்காலையில பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போனா, ராத்திரிதான் வர்றான். நான்தானே கூட இருக்கேன்? எனக்கு யாரும் காட்டல." கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பாடம், பகலெல்லாம் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒன்றுமில்லை! பலூன் பாக்கெட்டு வீட்டுக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

ஆகவே வீட்டுக்கு அனுப்புகிற நாளில், கூட இருக்கப்போகிறவரையே அழைத்துப்போங்கள். பிசியோதெரபிக்காரரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் பார்க்க நீங்களே செய்து காட்டுங்கள். மலாய் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம்; மூச்சுக்கு ஏது பாஷை? அந்த அம்மா இன்னும் காட்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால் அன்றைய சம்பளம் போகும். அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கூடிய லீவாகக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சங்கம் கேட்டே தீர வேண்டும் என்பது என் கட்சி. பிரசவத்துக்கும் சாவுக்கும் லீவு கேட்டு வாங்கிய நமக்கு இது பெரிய காரியமா? உங்கள் கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மூச்சுப் பயிற்சி, தைலம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். ரத்தக் கட்டியால் வந்த வாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.