பிரபுவின் கண்ணை உறுத்திய ஊர்

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் மில்டன் அப்பாஸ் என்றொரு கிராமம் இருக்கிறது. சரிவில் இறங்கும் ஒரே தெரு. இருபுறமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். “ஆகா, என்ன அழகு! குடிகளுக்கு இப்படி ஒரு ஊரையே கட்டிக் கொடுத்த பிரபு எவ்வளவு தயாளன்!” என்று வியப்போர் உண்டு.

தோழர்களே, அந்தத் தயாளத்தின் கதையைக் கேளுங்கள்!

அங்கே முதலில் மடத்து நிலம் இருந்தது. 1539-ல் எட்டாம் ஹென்றி மன்னன் மடத்தைக் கலைத்தான். மடங்களைக் கலைக்கும் வேலையில் மன்னனுக்குக் கையாளாக இருந்த வக்கீல் டிரெகன்வெல், மறு வருஷமே ஆயிரம் பவுனுக்கு அந்தச் சொத்தை வாங்கிக் கொண்டார். 1752-ல் அது ஜோசப் டேமர் கைக்கு வந்தது. அயர்லாந்தில் வட்டித் தொழிலில் சேர்ந்த குடும்பப் பணம் அவருக்குப் பின்பலம். அடுத்த வருஷமே அவர் மில்டன் பிரபு ஆனார்.

பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்திலேயே ஒரு சந்தை ஊர் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், சத்திரங்கள், பள்ளிக்கூடம், ஏழைகள் விடுதி எல்லாம் இருந்தன. உழைப்பவர் நடமாட்டம் பிரபுவின் கண்ணை உறுத்தியது. ஜன்னலைத் திறந்தால் புல்வெளியும் ஏரியும் மட்டுமே தெரிய வேண்டுமாம்! குத்தகைக் காலம் முடிய முடிய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தார். பள்ளிப் பையன்கள் தொல்லை என்றார். 1785-ல் பார்லிமெண்டில் சட்டமே போட்டுப் பள்ளியை பிளாண்ட்ஃபோர்டுக்கு விரட்டினார். ஒரு பணக்காரனுக்குத் தோட்டம் வேண்டும் என்றால் பார்லிமெண்டும் சேவகம் செய்கிறது!

ஹாரிசன் என்ற வக்கீல் மட்டும் குத்தகையை விட மறுத்தார். பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் வெள்ளம் விட்டார். ஹாரிசன் வழக்குத் தொடுத்து ஜெயித்தார். ஏன்? அவர் கையில் பத்திரம் இருந்தது, வாயில் சட்டம் இருந்தது. இரண்டும் இல்லாத கூலிக்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

1780 வாக்கில், மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் புது ஊர் எழுந்தது. வெளியே பார்த்தால் ஒரு வீடு. உள்ளே இரண்டு குடும்பம்! இதுதான் தயாளமா? இடித்தது ஊரை, கொடுத்தது பாதி வீட்டை!

1792-ல் அவர் டார்செஸ்டர் பிரபு என்று பட்டம் உயர்ந்தார். அதே டார்செஸ்டர் நகரத்துக் கோர்ட்டில்தான், 1834-ல், சில மைல் தூரத்திலுள்ள டால்படில் கிராமத்து விவசாயத் தொழிலாளர் ஆறு பேருக்கு ஏழு வருஷ நாடுகடத்தல் விதித்தார்கள். வாரக் கூலியை ஏழு ஷில்லிங்காகக் குறைத்து, இன்னும் குறைப்போம் என்று பண்ணையார்கள் மிரட்டியபோது, ஜார்ஜ் லவ்லெஸும் தோழர்களும் சங்கம் வைத்தார்கள். ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்பதுதான் குற்றம்! ஊரையே இடித்தவருக்குப் பட்டம். சங்கம் வைத்தவனுக்குக் கப்பல்!

ஆனால் நாடே கொதித்தது. லண்டனில் ஆயிரமாயிரம் தொழிலாளர் ஊர்வலம் வந்தனர். 1836-ல் சர்க்கார் பணிந்து மன்னிப்பு வழங்கியது. அவர்கள் தாயகம் திரும்பினார்கள்.

பிரபுவின் பட்டமோ 1808-லேயே வாரிசின்றி அழிந்தது. 1852-ல் மாளிகையை ஒரு பாங்கு முதலாளி வாங்கினார். அந்தப் பிரபுவை இன்று யார் கொண்டாடுகிறார்கள்? டால்படில் அறுவர் நினைவாகவோ ஆண்டுதோறும் தொழிலாளர் திருவிழா நடக்கிறது.

ஹாரிசனுக்குக் குத்தகைப் பத்திரம் இருந்தது. பத்திரம் இல்லாத பாட்டாளிக்குச் சங்கமே பத்திரம்!