கருணாபுரத்துக்கு யார் பேசியிருக்க வேண்டும்?

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து சாய்ந்துகொண்டிருந்த வேளையில், கள்ளச்சாராயம்தான் காரணமென்று உறுதியாகவில்லை என்ற பேச்சே மாவட்ட நிர்வாகத்திடமிருந்து முதலில் வந்தது. கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் குடித்த உடனே ஆளைச் சாய்த்துவிடாது. அரை நாள், சில சமயம் ஒரு நாள்கூட நடமாட விடும். பிறகுதான் வயிறு பிடுங்கும், பார்வை மங்கும், மூச்சு வாங்கும். அந்த இடைவெளிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம், டயாலிசிஸ் செய்யலாம். 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அதே ஊரில் இருக்கிறது. அதன் டாக்டர் ஒருவர் வார்டு வாசலில் நின்று, "குடிச்சிருந்தா, இப்ப நல்லா இருந்தாலும் உடனே வந்துருங்க, இங்க யாரும் திட்டமாட்டோம்" என்று ஒரு நிமிடம் பேசி, அது முதல் சில மணி நேரத்திலேயே எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் போயிருக்க வேண்டும். சில உயிர்களாவது மிஞ்சியிருக்கக்கூடும்.

யார், எங்கே நின்று, எந்தத் தோரணையில் பேசுகிறார் என்பது வெறும் அலங்கார விஷயமல்ல. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் விசாரித்து 2018இல் வெளியான ஆய்வில், டாக்டரின் உடை முக்கியம் என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது வெள்ளை கோட்டுதான். ஆனால் கோட்டு கடையில் கிடைக்கிறது. பின்னணியில் புத்தக அலமாரியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் வைத்துக்கொள்ள யாரும் பட்டம் கேட்பதில்லை.

எட்எக்ஸ் இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014இல் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. செலவழித்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேராகப் பார்த்துப் பேசியதையே மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கவனம் நழுவியது. அவர்கள் மாணவர்கள், நோயாளிகள் அல்ல. ஆனாலும் நம் டாக்டர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

ஏனென்றால் தவறான வைத்தியத்தைப் பரப்பும் எதிர்த்தரப்பு இதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் ஆசிரியை, யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் இரத்தப்போக்கால் இறந்தார். வீட்டுப் பிரசவத்தை விற்பவர்கள் நிதானமாக, சிரித்த முகத்தோடு, பக்கத்து வீட்டுக்காரர் தொனியில் பேசுகிறார்கள். அதை மறுக்க வரும் டாக்டரோ கோபமாக, பாதி ஆங்கிலத்தில், இருபது நிமிடம் பேசுகிறார். உண்மை இவர் பக்கம் இருந்தும் கேட்பவர்கள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில், டாக்டருக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி இன்னும் பெரிது. வெள்ளிமலை, கரியாலூர் சுற்றுவட்டாரத்தின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது அவர்களுக்கே உரிய வழக்குத் தமிழ். சென்னை ஸ்டூடியோவில் "நரம்பு மண்டலப் பாதிப்பு" என்று சொல்லப்படுவது அங்கே போய்ச் சேராது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது கண் இமை தொங்கும், வயிறு வலிக்கும். கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே என்று எழுத்தில் ஓடவிட்டால் யாருக்கு மனதில் நிற்கும்? கரியாலூரில் வேலை பார்க்கும் டாக்டரே தரையில் உட்கார்ந்து, ஒருவர் காலில் குச்சி வைத்து, துண்டால் தளரக் கட்டி, அசைக்காமல் எப்படித் தூக்கிப் போவது என்று செய்து காட்டட்டும். கோட்டு இருக்கட்டும், அவர் இன்னார், எந்த ஆஸ்பத்திரி என்பதும் திரையில் இருக்கட்டும்.

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களின் செல்போனிலேயே இந்த வீடியோக்களைப் பதிந்து கொடுத்துவிடலாம். இதற்குக் கேமரா குழு வேண்டாம். டாக்டர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமும், பேசலாம் என்ற அனுமதியும் போதும். சுகாதாரத் துறை அந்த அனுமதியை வரும் மழைக்காலத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும்.