நம்பினவங்களைத்தான் ஏமாத்துனாங்க!



செய்தி ஊடகங்களை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று அமெரிக்க மக்களிடம் கேலப் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 1976இல் 100க்கு 72 பேர் நம்புவதாகச் சொன்னார்கள். 2025இல் அப்படிச் சொன்னவர்கள் 28 பேர்தான். குடியரசுக் கட்சிக்காரர்களை மட்டும் தனியாக எடுத்தால் வெறும் 8 பேர்!

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, ட்ரம்ப் மேல கையைக் காட்டுறாங்க. அவர் ஊடகங்களைத் திட்டாத நாளில்லை, உண்மைதான். ஆனால் ஒருத்தர் திட்டினதாலேயே போய்விடும் அளவுக்கா அந்த நம்பிக்கை லேசானது? அது எங்கே உடைந்தது என்று தெரிய வேண்டுமானால் 2024ஆம் ஆண்டை மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும்.

அன்றைய அதிபர் ஜோ பைடனுக்கு வயது 81. மறுபடியும் நான்கு ஆண்டுகள் ஆள ஓட்டு கேட்டார். பிப்ரவரியில் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தந்த அறிக்கை, அவருடைய நினைவாற்றல் பலவீனமாக இருப்பதை வெளிப்படையாகவே பதிவு செய்தது. உடனே பாய்ந்தது யார் மேல்? ஹர் மேல். அரசியல் உள்நோக்கம் என்றார்கள். மார்ச்சில் எம்எஸ்என்பிசி தொகுப்பாளர் ஜோ ஸ்கார்பரோ, இதுவரை பார்த்ததிலேயே சிறந்த பைடன் இவர்தான் என்று சாதித்தார். ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதிபரின் தளர்ச்சியைப் பற்றி விரிவாக எழுதியபோது, சக ஊடகக்காரர்களே அந்தப் பத்திரிகையைக் கேலி செய்தார்கள். பைடன் தடுமாறும் வீடியோக்கள் பரவியபோது, வெட்டி ஒட்டிய மலிவான போலிகள் என்றது வெள்ளை மாளிகை. அதையே பல சேனல்கள் திருப்பிச் சொல்லின.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஜூன் 27, அட்லாண்டா, சிஎன்என் விவாத மேடை. வெட்டி ஒட்ட வழியில்லாத நேரலை. சுமார் 5 கோடி பேர் பார்த்தார்கள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் அதிபர் திணறினார். மறுநாளே நியூயார்க் டைம்ஸின் தலையங்கக் குழு அவரைப் போட்டியிலிருந்து விலகச் சொன்னது. ஜூலை 21இல் விலகினார். 2025 மே மாதம், அதே சிஎன்என்னின் ஜேக் டேப்பர், அலெக்ஸ் தாம்சனோடு சேர்ந்து, பைடனின் தளர்ச்சி எப்படி மறைக்கப்பட்டது என்று புத்தகமே போட்டார். ஆற அமர விசாரித்து எழுதினார்கள், நல்லது. ஆனால் அந்தச் செய்தி ஓட்டுப் போடுகிறவனுக்குத் தேவைப்பட்டது அதற்கு ஓராண்டு முன்பு!

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும், சொந்தங்களே. இதில் ஏமாந்தது யார்? குடியரசுக் கட்சிக்காரர்கள் இந்த ஊடகங்களை ஏற்கெனவே நம்பவில்லை. அவர்களுக்கு அந்த விவாதத்தில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. தினமும் அந்த சேனல்களைப் பார்த்து, அந்தப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டி, சொன்னதை நம்பிய ஜனநாயகக் கட்சி வாக்காளர்தான் ஏமாந்தார். உட்கட்சித் தேர்தலில் 1.4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பைடனுக்கு வாக்களித்தார்கள். உண்மை தெரிந்திருந்தால் வேறு ஒருவரைத் தேடியிருக்கலாம். அந்த வாய்ப்பையே பறித்துவிட்டு, கடைசியில் உட்கட்சித் தேர்தல் இல்லாமலே கமலா ஹாரிஸை வேட்பாளர் ஆக்கினார்கள். தோற்றார்கள். தன் கட்சியைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்த செய்தி, அந்தக் கட்சியையே கவிழ்த்தது.

இது ஒருமுறை நடந்த சறுக்கல் இல்லை. 2020 அக்டோபர் 14இல் நியூயார்க் போஸ்ட், ஹன்டர் பைடனின் மடிக்கணினியில் இருந்தவற்றை வெளியிட்டது. தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ட்விட்டர் அந்தச் செய்தியைப் பகிரவே விடவில்லை, பத்திரிகையின் கணக்கையும் முடக்கியது. இது ரஷ்ய வேலை போலத் தெரிகிறது என்று 51 முன்னாள் உளவுத்துறை அதிகாரிகள் கடிதம் எழுதினார்கள். தங்களிடம் ஆதாரம் இல்லை என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டும் இருந்தார்கள்! அந்த ஒரு வரியைக் கேள்வி கேட்க வேண்டிய நிருபர்கள் எங்கே போனார்கள்? 2024இல் ஹன்டர் மீதான துப்பாக்கி வழக்கில், அதே மடிக்கணினியை அரசுத் தரப்பே சாட்சியமாக வைத்தது.

காரணம் பெரிய சதி ஒன்றும் இல்லை. ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். என்பிஆர் வானொலியில் 25 ஆண்டுகள் வேலை பார்த்த யூரி பெர்லினர் 2024 ஏப்ரலில் இதைத்தான் எழுதினார். வாஷிங்டன் செய்திப் பிரிவில் ஜனநாயகக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள் 87 பேர், குடியரசுக் கட்சியினர் பூஜ்யம் என்று அவர் கணக்குச் சொன்னார். பரிசாக என்ன கிடைத்தது? சம்பளமில்லா இடைநீக்கம். பிறகு அவரே ராஜினாமா செய்தார்.

சரி, நம்ம பக்கம் மட்டும் ரொம்பச் சுத்தமா? இல்லை. 2020 தேர்தல் எந்திரங்களைப் பற்றிப் பொய்யைப் பரப்பியதற்காக டொமினியன் நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் நியூஸ் 2023இல் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அங்கேயும் ஏமாந்தது அந்த சேனலை நம்பிய வலதுசாரிக் குடும்பங்கள்தான். பார்வையாளன் கேட்க விரும்புவதைச் சொல்லி அவனைத் தக்கவைக்கும் வியாபாரம் எந்தப் பக்கம் நடந்தாலும் அது செய்தி இல்லை.

இதற்கு மருந்து அரசின் கையில் இருக்கும் பிரம்பும் இல்லை. 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மல் பேசிய பேச்சுக்காக, ஒளிபரப்பு உரிமங்களைக் கட்டுப்படுத்தும் ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் ஏபிசியை மிரட்டும் தொனியில் பேசினார். அதைக் கண்டித்தவர் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸ். கிம்மலை அவருக்குத் துளியும் பிடிக்காது. ஆனாலும், நாளை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் இதே பிரம்பு நம் முதுகில்தான் விழும் என்று எச்சரித்தார். பழமைவாதம் என்றால் இதுதான். அதிகாரம் நம்மவர் கையில் இருக்கும்போதும் அதற்கு எல்லை வேண்டும் என்று சொல்லும் துணிவு.

அரசின் காசும் வேண்டாம், அரசின் பிரம்பும் வேண்டாம். செய்தி அறையில் எதிர்க் கருத்துள்ள நாலு பேருக்கு நாற்காலி போடுங்கள். எதிராளியிடம் கேட்கும் அதே கேள்வியைத் தனக்குப் பிடித்த தலைவரிடமும் கேளுங்கள். அந்த 28 மறுபடியும் ஏற இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

வாசகன் குழந்தை இல்லைங்க. உண்மையைச் சொல்லுங்க, முடிவை அவன் எடுத்துக்குவான்.

படியுங்கள், பகிருங்கள். உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள்.