பதிவுக் கட்டணம் ஒழிந்தது, வசூல் ஒழிந்ததா?

உறுப்பு மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிய நோயாளிகளிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதுவரை சில மாநிலங்கள் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை வசூலித்து வந்தன. அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்தான் பதியலாம் என்ற நிபந்தனையும், 65 வயது வரம்பும் அப்போதே கைவிடப்பட்டன. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் ஏழை நோயாளிக்குப் பட்டியலின் கதவு திறந்துவிட்டதா?

பதிவு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நோயாளி தானாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனைதான் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல், 2014இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் அதற்குள் நுழையும் வாசலில் நிற்பது மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை, திசுப் பொருத்தம், இதயப் பரிசோதனை, முன்பணம் என்று அங்கே வரும் பில்லில் 'பதிவுக் கட்டணம்' என்ற வரி இல்லாமல் போகலாம். தொகை போய்விடாது.

எங்கள் காயல்பட்டினத்தைச் சுற்றி உப்பளங்கள். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், 10இல் 9 பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்தது தெரியவந்தது. 7% பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நிழலும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத வேலை யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் வாரம் 2 நாள் டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி போகிறார். அந்த 2 நாளும் கூலி இல்லை. பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவரோடு நானும் போனேன். "டெஸ்ட் எல்லாம் முடிச்சு பணம் கட்டுங்கண்ணே, அப்புறம் பேரை ஏத்துறோம்" என்றார்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். கடைசி வரை தரவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சைக்கு உதவும். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இழந்த கூலிக்கு எந்த அட்டையும் இல்லை.

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், 2011 திருத்தத்துக்குப் பின், உறுப்பு வணிகத்துக்கு 10 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அப்படியிருந்தும் 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை இழந்த செய்தி வந்தது. உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. கடும் தண்டனை உள்ள இடத்திலேயே கண்காணிப்பு இந்த லட்சணம் என்றால், வெறும் அறிவுறுத்தலாக வந்த கட்டண விலக்கை யார் கண்காணிப்பார்கள்?

2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிருடன் உறுப்பு கொடுத்த 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். பால்வாரியாக எண்ணியதால்தான் இந்த அநீதி வெளியே வந்தது. பட்டியலில் ஏறியவர் யார், ஏறாமலே இறந்தவர் யார் என்ற சாதிவாரிக் கணக்கு பொதுவெளியில் இல்லை. எண்ணாத வரைக்கும் "நோய்க்குச் சாதி ஏது?" என்று வசதியாகப் பேசலாம்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. பதிவுக்கு முந்தைய ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆகும் செலவை மருத்துவமனைகள் எழுதி ஒட்ட வேண்டும். நோயாளிக்கு ரசீதும் பதிவு எண்ணும் தர வேண்டும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இந்தப் பரிசோதனைகளை இலவசமாக முடித்துப் பதிய ஏற்பாடு வேண்டும். பதிந்தவர், பெற்றவர், காத்திருந்து இறந்தவர் விவரத்தைச் சாதி, பால், மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

உறுப்புக் கொடையாளரின் உடலுக்கு 2023 முதல் தமிழ்நாடு அரசு மரியாதை செய்கிறது. நல்லது. உயிரோடு வரிசையில் நிற்பவருக்கு அரசு செய்ய வேண்டிய மரியாதை, இந்தக் கணக்கைக் காட்டுவதுதான்.