தண்டவாளம் அகன்ற இடத்தில் எழுந்த பாதை: அல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் புகட்டும் பாடம்

அல்ப்ஸ் மலைத்தொடர் என்றதும் பனி மூடிய சிகரங்களும் பசும்புல் வெளிகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால், அம்மலைகளின் பிரதான பள்ளத்தாக்குகளில் வாழும் மக்களின் அன்றாட வாழ்வில் பாரவூர்திகளின் இரைச்சலும் புகையும் பிரிக்க முடியாத அங்கங்களாகிவிட்டன. ஒஸ்ட்ரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் பிரென்னர் கணவாயை மாத்திரம் ஆண்டொன்றுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான பாரவூர்திகள் கடந்து செல்கின்றன.

அதே மலைகளிலேதான் கடந்த சில தசாப்தங்களாக இதற்கு நேரெதிரான முயற்சி ஒன்றும் நடைபெற்று வருகின்றது. மோட்டார் வாகனங்கள் நுழையாத நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பாதைகள் காடுகளையும் பள்ளத்தாக்குகளையும் ஊடறுத்து அமைக்கப்பட்டு வருகின்றன. இதனைச் செல்வந்த நாடுகளின் பொழுதுபோக்கு என்று எண்ணிக் கடந்துவிட முடியாது. பொதுச் சொத்தான நிலத்தை ஒரு சமூகம் எவ்வாறு பயன்படுத்துகின்றது என்ற கேள்வி இதன் அடியில் இருக்கின்றது.

ஒஸ்ட்ரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் ஆரம்பித்து, அல்ப்ஸைக் கடந்து, இத்தாலியின் அத்ரியாத்திக் கடற்கரையிலுள்ள கிராதோ வரை செல்லும் ‘அல்பே அத்ரியா’ பாதையை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். இதன் நீளம் 400 கிலோமீற்றருக்கும் சற்று அதிகமாகும். 2015ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற கண்காட்சியில் அவ்வாண்டுக்கான சிறந்த துவிச்சக்கரவண்டிப் பாதையாக இது தெரிவு செய்யப்பட்டது. இப்பாதையின் சிறப்புமிக்க பகுதி, இத்தாலியின் வடகிழக்கு மூலையில், தார்விசியோ நகரிலிருந்து ஃபெல்லா ஆற்றின் கரையோரமாக இறங்கும் பகுதியாகும். அது ஒரு காலத்தில் புகையிரதப் பாதையாக இருந்தது.

ஊதினே நகரிலிருந்து பொந்தெப்பா வரையிலான அந்தப் புகையிரதப் பாதை 1879ஆம் ஆண்டளவில் பூர்த்தியானது. முதலாம் உலகப்போர் வரை பொந்தெப்பாவே இத்தாலிக்கும் ஒஸ்ட்ரிய-ஹங்கேரியப் பேரரசுக்கும் இடையிலான எல்லையாக விளங்கியது. இத்தாலியம், ஃபிரியூலியம், ஜேர்மன், சுலோவேனியம் ஆகிய நான்கு மொழிகள் பேசப்படும் அப்பிரதேசத்தில் சுங்கமும் புகையிரதமும் இராணுவ முகாம்களுமே நீண்ட காலமாகத் தொழில் வழங்கின.

பின்னர் அடிமேல் அடி விழுந்தது. 1976 மே 6ஆம் திகதி ஏற்பட்ட பூகம்பம் ஃபிரியூலி பிரதேசத்தில் ஆயிரம் பேர் வரையில் காவு கொண்டது. ஜெமோனா, வென்சோனே ஆகிய ஊர்கள் தரைமட்டமாகின. வென்சோனே மக்கள் தமது தேவாலயத்தின் சிதைந்த கற்களை இனங்கண்டு, அவற்றைக் கொண்டே மீளக் கட்டியெழுப்பினர். அவ்வாறு எழுந்து நின்ற பள்ளத்தாக்கின் தலைக்கு மேலாக 1980களில் அதிவேக நெடுஞ்சாலை சென்றது. 1995இல் ஒஸ்ட்ரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்ததும் எல்லைச் சுங்கப் பணிகள் இல்லாமற் போயின. நீண்ட சுரங்கங்களினூடாகப் புதிய இரட்டைப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டதால், பழைய பாதை 1995இலும் 2000இலும் இரு கட்டங்களாக மூடப்பட்டது. போக்குவரத்து வேகமானது. ஆனால் அந்த வேகத்தில் கிராமங்கள் பின்னால் விடப்பட்டன.

கைவிடப்பட்ட அந்தப் புகையிரதப் படுகையைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் அகற்றப்பட்ட இடத்தில் துவிச்சக்கரவண்டிப் பாதை அமைக்கப்பட்டது. இதிலுள்ள பொறியியல் அனுகூலம் கவனிக்கத்தக்கது. புகையிரதத்தினால் செங்குத்தான ஏற்றங்களில் ஏற முடியாது. ஆகவே, அன்றைய பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் ஆற்றின் மேல் இரும்புப் பாலங்களை நிறுவியும் மிக மென்மையான சரிவிலேயே பாதையை அமைத்தனர். நீராவி இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் சிறுவர்களும் முதியோரும் அல்ப்ஸைத் துவிச்சக்கரவண்டியில் கடப்பதற்கு உதவுகின்றது. கியுசாஃபோர்த்தே கிராமத்தின் பழைய புகையிரத நிலையம் இன்று பயணிகள் தங்கி இளைப்பாறி உணவருந்தும் இடமாக மாறியுள்ளது. அதிவேக நெடுஞ்சாலையில் செல்பவர் அக்கிராமத்தின் பெயர்ப்பலகையைக்கூடக் கவனிப்பதில்லை. துவிச்சக்கரவண்டியில் வருபவருக்கோ பசியெடுக்கின்றது; தாகமெடுக்கின்றது; இருட்டுவதற்குள் ஒரு படுக்கை தேவைப்படுகின்றது.

எனினும், இதனைக் குறையற்ற வெற்றியாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. முழுப் பாதையும் வாகனமற்றதன்று. சில இடங்களில் பயணிகள் சாதாரண வீதியில் வாகனங்களுடன் செல்ல வேண்டியுள்ளது. ஒஸ்ட்ரியாவில் தவேர்ன் மலையை 8 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான சுரங்கத்தினூடாகப் புகையிரதத்திலேயே கடக்க வேண்டும். புனரமைப்புக்காக அச்சுரங்கம் 2024 நவம்பர் முதல் 2025 ஜூலை வரை மூடப்பட்டபோது, ஓர் இணைப்பு அறுந்தால் முழுப் பாதையுமே கேள்விக்குள்ளாகும் என்பது தெளிவாகியது. 400 கிலோமீற்றரில் 390 கிலோமீற்றர் பாதுகாப்பாக இருந்து, எஞ்சிய 10 கிலோமீற்றரில் பாரவூர்திகளுக்கு நடுவே செல்ல நேர்ந்தால், பிள்ளைகளுடன் எந்தத் தாயும் தந்தையும் அப்பயணத்தை மேற்கொள்ளத் துணியமாட்டார்கள். எனவே, இத்தகைய பாதையின் பெறுமதியை அதன் நீளத்தைக் கொண்டு அளவிட முடியாது. அதன் தொடர்ச்சியே அளவுகோலாகும்.

அந்தத் தொடர்ச்சி இயற்கை அழகினால் கிடைப்பதில்லை. சட்டத்தினாலும் இணக்கப்பாட்டினாலுமே கிடைக்கின்றது. ஒஸ்ட்ரியாவின் 1975ஆம் ஆண்டு வனச் சட்டம், ஓய்வுக்காக எவரும் காட்டினுள் நடந்து செல்ல அனுமதிக்கின்றது. ஆனால், துவிச்சக்கரவண்டியில் செல்வதற்கு நில உரிமையாளரின் சம்மதம் அவசியம். விவசாயிகளும் வேட்டை உரிமை பெற்றவர்களும் தெரிவிக்கும் ஆட்சேபனைகளில் நியாயமும் உண்டு. விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பது யார்? மரம் வெட்டும் காலத்தில் பாதையை மூடுவது யார்? இவற்றைப் புறக்கணித்துவிட்டுப் பலவந்தமாகப் பாதை திறக்க முடியாது. திரோல் மாநிலம் இதற்கு நடுவழியொன்றைக் கண்டது. நில உரிமையாளர்களுடன் ஒப்பந்தம் செய்து, பாதையின் நீளத்துக்கேற்பக் கொடுப்பனவு வழங்கி, விபத்துப் பொறுப்புக்கான காப்புறுதியையும் ஏற்பாடு செய்துள்ளது.

சுவிற்சர்லாந்து இதனைவிட ஒரு படி மேலே சென்றுள்ளது. எமது உறவுகள் பல்லாயிரக்கணக்கில் குடியேறி, பலர் அந்நாட்டுப் பிரஜைகளாகவும் வாக்காளர்களாகவும் ஆகிவிட்ட நாடு அது. நடைபாதைகளைப் பாதுகாக்கும் ஏற்பாட்டை 1979ஆம் ஆண்டிலேயே மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்திருந்தனர். 2018 செப்டெம்பர் 23ஆம் திகதி நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் துவிச்சக்கரவண்டிப் பாதைகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. 73.6 சதவீதமானோர் ஆதரவாக வாக்களித்தனர். எல்லாக் கன்ரன்களும் அதனை ஏற்றுக்கொண்டன. 2023 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கன்ரன்கள் 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் தமது பாதை வலையமைப்பைத் திட்டமிட வேண்டும். 2042ஆம் ஆண்டு முடிவதற்குள் அதனை நிறைவேற்ற வேண்டும். சமஷ்டி அரசு அடிப்படை விதிகளை வகுக்கின்றது. எங்கே, எவ்வாறு என்பதை அந்தந்தக் கன்ரன்கள் தீர்மானிக்கின்றன. இருக்கும் பாதையொன்று அகற்றப்படுமாயின் அதற்கு மாற்றீடு வழங்க வேண்டும் என்ற ஏற்பாடும் அச்சட்டத்தில் உள்ளது. ஆட்சியாளரின் தயவில் தங்கியிருந்த ஒரு வசதி, இதனால் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளது.

இங்கு வேறொரு முரண்பாட்டையும் நாம் சுட்டிக்காட்ட வேண்டும். வாகனமற்ற பாதையில் பயணிப்பதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் காரின் கூரையில் துவிச்சக்கரவண்டியைக் கட்டிக்கொண்டு வருபவர்களும் இருக்கின்றனர். அவ்வாறாயின் பள்ளத்தாக்கு பெறும் நன்மை என்ன? இக்கேள்விக்கான விடை பொதுப் போக்குவரத்திலேயே தங்கியுள்ளது. ஒஸ்ட்ரியாவின் ஃபில்லாக் நகருக்கும் இத்தாலியின் ஊதினே நகருக்கும் இடையே, துவிச்சக்கரவண்டிகளையும் ஏற்றிச் செல்லும் எல்லை கடந்த புகையிரத சேவை 2012ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது இவ்வகையில் முக்கியமானதாகும். அதேபோன்று, மலைப்பாதையை அமைப்பதுடன் செலவு முடிந்துவிடுவதில்லை. 2018 ஒக்டோபரில் வீசிய ‘வாயா’ புயல் இத்தாலியின் வடகிழக்கு மலைகளில் சுமார் 1 கோடியே 40 இலட்சம் மரங்களைச் சாய்த்தது. மண்சரிவும் வெள்ளமும் அடிக்கடி நேரும் மலைகளில், பாதையைத் திறந்து வைக்கும் விழாவைவிட அதனை ஆண்டுதோறும் பராமரிப்பதற்கான நிதி ஒதுக்கீடே முக்கியமானது.

சுற்றுலாப் பயணிகள் மாத்திரம் ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றிவிடுவார்கள் என நாம் கருதவில்லை. பனிக்காலத்தில் துவிச்சக்கரவண்டிகள் வருவதில்லை. பாடசாலையும் வைத்தியசாலையும் தொழிலும் இல்லாத கிராமத்தில் இளைஞர்கள் தங்கப்போவதுமில்லை. ஆயினும், வேகமான போக்குவரத்தே அபிவிருத்தி என்ற எண்ணம் அக்கிராமங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை ஃபெல்லா ஆற்றங்கரை காட்டியுள்ளது. மெதுவாகச் செல்பவருக்கும் ஒரு வழி வேண்டும் என்று தீர்மானித்ததன் மூலமே மூடப்பட்ட நிலையத்தின் கதவு மீண்டும் திறந்தது. பயன்பாடு முடிந்த பொது நிலம் பயனற்ற நிலமல்ல. அதனை யாருக்காகப் பாதுகாப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் சமூகமே அதன் பலனை அனுபவிக்கும்.