இடித்துவிட்டுக் கட்டினால் ‘பசுமைக் கட்டடம்’ ஆகிவிடுமா?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருக்கும் தன் பழைய கடையை இடித்துவிட்டு, அதே இடத்தில் கடையும் அலுவலகங்களும் சேர்ந்த புதிய கட்டடம் கட்ட வேண்டும் என்றது ‘மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்’ நிறுவனம். புதுக் கட்டடம் எரிசக்தியை மிகக் குறைவாகவே செலவழிக்கும், சூழலுக்கும் நல்லது என்பது அவர்கள் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால், கட்டி முடிப்பதற்குள்ளேயே சுமார் 40,000 டன் கார்பன் வெளியேறிவிடும் என்று எதிர்த்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். ஏசி, லைட்டு போடும் முன்பே இவ்வளவா? ஆமாம், காரணம் பெரும்பாலும் சிமென்டும் இரும்பும்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வரும். சூளையை சோலாரில் ஓட்டினாலும் அது நிற்காது. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் கணக்கில்தான் வருகிறது.

கல் வெட்டுவது, லாரியில் ஏற்றுவது, கட்டுவது, பயன்படுத்துவது, பழுது பார்ப்பது, கடைசியில் இடிப்பது என எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் ‘வாழ்நாள் கார்பன்’. மின்சார பில்லை மட்டும் பார்த்து ஒரு கட்டடத்தைப் பசுமை என்று சொல்வது, என்னைப் பொறுத்தவரை, பாதிக் கணக்கு. இன்னொரு விஷயம்: மின் உற்பத்தியே வருஷா வருஷம் சுத்தமாகிக்கொண்டு போனால், புதுக் கட்டடம் மிச்சம் பிடிக்கும் கார்பனும் குறைந்துகொண்டேதான் போகும். சிமென்டில் வெளியேறியது வெளியேறியதுதான்.

லண்டனில் பெரிய திட்டங்களுக்கு 2021 முதல் இந்தக் கணக்கு கட்டாயம். ஆனால், இதைத் தாண்டினால் அனுமதி இல்லை என்ற உச்சவரம்பு கிடையாது. ஓட்டையே அங்கேதான். 2023 ஜூலையில் அமைச்சர் மைக்கேல் கோவ் அனுமதி மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஆட்சி மாறியதும், அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் ஏஞ்சலா ரேய்னர் அனுமதி கொடுத்தார். ஒரே கட்டடம்தான், ஆளுக்கு ஒரு முடிவு!

டென்மார்க் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. 2023 ஜனவரி முதல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடம் என்றால் 50 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட வேண்டும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால், டிசைனை மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். 2025-ல் அந்த வரம்பையும் இன்னும் இறுக்கிவிட்டார்கள்.